கேப்டனின் சாட்சி

சிப்பி ஓடு பதித்த சன்னல் வழியே லெய்ட்டே தீவின் மழைக்காலப் பகல் வெளிறிப்போய் உள்ளே வருகிறது. மூங்கில் கட்டிலில் கேப்டன் தெமெத்ரியோ எலும்பும் தோலுமாய்க் கிடக்கிறார். பாசிதா அவர் புறங்கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறாள். பிறகு விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறாள். ஜப்பான்காரன் காலத்தில் இவருடைய கெரில்லாப் படைக்குக் கூடையில் கருவாட்டுக்கடியில் வெடிகுண்டு வைத்து மலைக்குச் சுமந்தவள் அவள். படை ஆட்களின் பட்டியல் எதிரி கையில் சிக்கினாலும் அவள் தலை தப்பட்டும் என்று அதில் சமையல்காரி என்று எழுதி வைத்தவர் இவர்தான். போர் முடிந்தும் அது அப்படியே நின்றுவிட்டது. அதைத் திருத்தினால்தான் அவளுக்குப் பதக்கம். உண்மை தெரிந்தவர்களில் மிஞ்சியிருப்பது இவர் ஒருவர்தான்.

"நெனப்பு சரியா இருக்கா இவருக்கு?" என்கிறார் விசாரிக்க வந்திருக்கும் ராணுவ அதிகாரி. "காலையில என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு சார். கேட்டுத்தான் பாருங்களேன்." அதிகாரி கட்டிலை நெருங்குகிறார். மரத்தரையில் பூட்ஸ் அதிர்கிறது. "பெரியவரே, இந்தம்மா உங்க படையில என்னவா இருந்தாங்க?" கேப்டனின் கண்கள் பூட்ஸிலிருந்து காக்கிக் கால்சட்டைக்கும், இடுப்புத் துப்பாக்கிக்கும் மெல்ல ஏறுகின்றன. முகம் வெளுக்கிறது, குரல் மட்டும் நடுங்கவில்லை. "சமையல்காரிங்க. சோறு வடிக்கத்தான் வருவா. வேற ஒண்ணும் தெரியாது அவளுக்கு. விட்டுடுங்க, ஐயா."

அதிகாரி பேனாவை மூடுகிறார். கூரைத் தகரத்தில் மழை பிடித்துக்கொள்கிறது. கேப்டனின் கட்டைவிரல், பயப்படாதே என்பதுபோல, பாசிதாவின் உள்ளங்கையை அழுத்துகிறது. அவள் அவர் காதருகே குனிகிறாள். "தப்பிச்சிட்டேண்ணே," என்கிறாள்.