குட்டைக்கோலும் விராலும்

ஏரியில் மிதந்த ஞானசுந்தரியின் பரிசலில் இரண்டு தூண்டில் கோல்கள் கிடந்தன. ஒன்று நீளமான பிடி வைத்த புதுக்கோல். மற்றது துப்பாக்கிப் பிடி போட்ட பழைய குட்டைக்கோல்.

"இன்னைக்கு உனக்குக் கடைசி நாள். நாளைக்கு உன்னை யாருக்கோ கொடுக்கப் போறாங்களாம்," என்று கேலி செய்தது புதுக்கோல்.

கரையோரம் தாழ்ந்து கிடந்த புங்கமரத்தடியில் பெரிய விரால் ஒன்று தலைகாட்டி மறைந்தது. ஞானசுந்தரி புதுக்கோலை எடுத்து வீசினாள். அது கிளையில் இடித்தது. மறுபடி வீசினாள், மறுபடி இடித்தது.

பிறகு குட்டைக்கோலை ஒரே கையில் பிடித்து, மணிக்கட்டை மட்டும் சுண்டினாள். தூண்டிலில் இரையாக மாட்டிய ரப்பர் தவளை கிளைகளுக்கு அடியில் புகுந்து தண்ணீரில் விழுந்தது. விரால் பாய்ந்து கவ்வியது.

குட்டைக்கோல் வில்லாக வளைந்தது. "ஐயோ, ஒடிஞ்சிடுவேன் போலிருக்கே!"

"ஒடிய மாட்டே! இன்னும் கொஞ்சம் வளைஞ்சு கொடு!" என்று கத்தியது புதுக்கோல். கேலி செய்ததெல்லாம் அதற்கு மறந்தே போயிருந்தது.

விரால் பரிசலுக்குள் வந்து துள்ளியது. "உன்னையா கொடுக்க இருந்தேன்!" என்று ஞானசுந்தரி குட்டைக்கோலைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். பரிசல் நடு ஏரிக்குத் திரும்பியது.

"அங்கே நான் வீசுறேன்," என்றது புதுக்கோல்.

"மரம் வந்தா?"

"உன்னைக் கூப்பிடுறேன்."