புழுதி விதைப்பில் தண்ணீர்

பெட்டி சத்தம் போட்டதும் என் கால் நின்றுவிட்டது.

பின்னால் அடையாளக் கட்டைகளைச் சுமந்து வந்த முத்தலிப் என் முதுகில் மோதினான்.

"என்ன மச்சான், மிதிவெடியா? நட, நட. இந்தப் பெட்டி கத்தினாத்தான் சேருக்குச் சந்தோசம்."

பழக்கம் அப்படி. இதற்கு முன் நான் கண்ணிவெடி எடுக்கிற வேலையில் இருந்தவன். சிவப்புப் பலகையில் மண்டையோட்டுக்குக் கீழே இருந்த 'ஆபத்து'தான் நான் முதலில் எழுத்துக் கூட்டி வாசித்த சொல். அங்கே பெட்டி கத்தினால் அசையக்கூடாது. குச்சியை ஊன்றிவிட்டு, வந்த அடியிலேயே கால் வைத்துத் திரும்ப வேண்டும்.

இங்கே கத்தினால் இன்னும் கிட்டப் போக வேண்டும்.

பிறையன் சேர் வந்து பெட்டியின் முள்ளைப் பார்த்தார். மட்டக்களப்பு டவுன்காரர், பறங்கி இனத்தவர், மண்ணும் கல்லும் படித்தவர். யுரேனியம் தேடுகிற கம்பனி அவரை உன்னிச்சைக்கு அனுப்பியிருந்தது. எங்கள் இரண்டு பேரையும் டவுனில் வைத்துத்தான் கூலிக்குப் பிடித்தார்கள். முத்தலிப் ஏறாவூரான். நான் எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

"நல்ல சத்தம், கோணாமலை அண்ணன். அங்கால போகப் போகக் கூடுது," என்று சேர் வாய்க்காலுக்கு அப்பால் கையைக் காட்டினார்.

அங்கே ஒரு வட்டை முழுக்க, ஒரே வெளியாக வயல்கள் கிடந்தன. முதல் வயல் சீதேவிப்பிள்ளையுடையது.

அது அவளுக்குத் தாய் கொடுத்த சீதனம். கடல் வந்த வருசம் நாவற்குடாவில் வீட்டையும் ஒரு வயதுப் பிள்ளையையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, இனிக் கடல் இருக்கிற பக்கம் வேண்டாம் என்று இங்கே வந்தவள். ஊன்றி நிற்பதற்குள் சண்டை வந்து துரத்தியது. சண்டை போன பிறகு மண்டையோட்டுப் பலகை வந்தது. பலகையை எடுத்து, இனி நீ இறங்கலாம் என்று சொல்வதற்கு இவ்வளவு காலம் பிடித்தது.

போன கிழமைதான் விதைத்திருந்தாள். புழுதி விதைப்பு. உழுத காய்ந்த மண்ணில் நெல்லை எறிந்துவிட்டு மாரி மழைக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு முதல் தண்ணீர் தேங்கினால் விதை அழுகிவிடும்.

"இது கிடைச்சா புகையில்லாத கரண்ட் அண்ணன். உலகம் முழுக்க இப்ப இதத்தான் தேடுறாங்க."

"முதல்ல இந்த ஊருக்குப் புகையோட எண்டாலும் ஒரு கரண்டக் கொண்டு வாங்க சேர்," என்றான் முத்தலிப்.

சேர் சிரித்தார்.

"மறுகா காணிக்காரருக்கு என்ன நடக்கும்?" என்று நான் கேட்டேன்.

சிரிப்பு நின்றது. "எடுப்பாங்க. வேற எங்கயாவது காணி குடுப்பாங்க." நல்ல மனிதர். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் பெட்டியை உறையில் போட்டார்.

"நாளைக்கு விடியவே அந்த வயல். நல்ல வேளை, காஞ்சு கிடக்கு. ஒரு சாண் தண்ணி நிண்டாலும் பெட்டிய நம்ப ஏலாது, சத்தத்தத் தண்ணி குடிச்சிரும். நாளையோட இந்தப் பக்கத்த முடிச்சாகணும்."

மறுநாள் விடிய வாய்க்காலைக் கடந்ததும் சேர் அப்படியே நின்றுவிட்டார்.

வரம்புக்கு வரம்பு தண்ணீர். அதில் வானம் கிடந்தது.

முத்தலிப் கட்டைகளைக் கீழே போட்டான். அவனும் வயல் செய்தவன்தான். "அல்லாஹ்வே! புழுதி விதைப்புக்கு ஆர்ரா தண்ணி விட்டது? புத்தி பேதலிச்ச எந்த விசரன்ட வேல இது? விதைநெல்லு முழுக்கப் போச்சே."

சேர் சொன்னபடி பெட்டியைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டு வரம்பில் நடந்தேன். ஒரு சத்தம். கனநேரம் கழித்து இன்னொன்று. சத்தம் போடாதே, சத்தம் போடாதே என்று முன்பு இதே வரம்பில் அந்தக் கண்ணிவெடிப் பெட்டியிடம் கேட்டுக்கொண்டு நடந்திருக்கிறேன். இந்தப் பெட்டியிடமும் அதையே கேட்டேன்.

சேர் முள்ளைத் தட்டிப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"இது காயிறதுக்குள்ள மழை பிடிச்சிரும். முதல் வயல்ட கணக்கு இல்லாம அங்கால போயும் பிரயோசனமில்ல. விடுங்க. அடுத்த வருசம் வந்தாப் பாப்பம்."

எதிர் வரம்பில் ஒரு பெண் மண்வெட்டியோடு நின்றாள்.

"ஏன் இப்பிடிச் செஞ்சவ எண்டு கேட்டுட்டு வாங்க அண்ணன்."

பெட்டியை முத்தலிப்பிடம் கொடுத்துவிட்டுப் போனேன். வரம்பில் வெட்டிய வாய் வழியே தண்ணீர் இன்னும் வந்துகொண்டிருந்தது. சீதேவிப்பிள்ளை நிமிரவில்லை.

"பெட்டி கத்தினதா?"

"இல்ல."

இரண்டு வெட்டு மண் போட்டு வாயை அடைத்தாள். பிறகு வரம்பில் இருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"சோத்த விட்டுட்டு வந்திட்டீங்க."

வாங்கிக்கொண்டேன்.

"அந்த ஆளுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"உன்ட புரிசனுக்கு விசர் எண்டு சொல்றன்."

அவள் சிரிக்கவில்லை. குனிந்து, வரம்போரம் மிதந்து வந்த நெல்லைக் கையால் அரித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.