செவ்வரத்தைக்கு வந்த நோய்

“என்னகா முப்லிஹா, எல்லாத்தையுமா எரிக்கிறாய்?”

காத்தான்குடியில் எங்கே புகை கிளம்பினாலும் அது யார் வீட்டுப் புகை என்று ஸஹீதாவுக்குத் தெரிந்தாக வேண்டும். இன்றைக்கு அலைச்சலே இல்லை, பக்கத்து வீடு. மதிலால் எட்டிப் பார்த்தும் மனம் ஆறாமல் கேற்றைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். ஊரார் கிணற்றடியெல்லாம் பார்த்தவள். தன் கிணற்றடிக்கு மட்டும் ஆளை விடமாட்டாள்.

முப்லிஹா இன்னொரு செவ்வரத்தைச் செடியைப் பூச்சட்டியோடு கவிழ்த்துப் பிடுங்கி நெருப்பில் போட்டாள்.

“ஓம் ராத்தா, வைரஸ். இலையெல்லாம் மஞ்சள் வளையம். புதுசா வாங்கின கன்றில வந்திருக்கு. நான் கொப்பு வெட்டின கத்தியால எல்லாத்துக்கும் பரவிட்டு. மருந்தே இல்லையாம்.”

“அல்லாஹ்வே! அந்த இலையைக் கிள்ளிப் போட்டுட்டு விற்கலாமே. ஆருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியுமே.”

ஸஹீதா உச்சுக் கொட்டினாள். வாய்தான் கொட்டியது, கண் வெறுஞ் சட்டிகளை ரசித்துக்கொண்டிருந்தது.

“கத்தார்ல இருந்து மாப்பிள்ளை என்ன சொன்னாரு?”

“கன்று விற்கிற தோட்டத்தை மூடிட்டு வீட்டில இரு எண்டாரு. மூடமாட்டன் எண்டு போனை வெச்சிட்டன்.”

“கொப்பு வெட்டி நட ஒரு தாய்மரமும் இல்லாம எதைகா விற்கப் போறாய், சாம்பலையா?”

“வாற ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இதே வாசல்ல இதே அடுக்குச் செவ்வரத்தை பூக்கும். இந்த இனம் என்னட்ட மட்டும்தானே இருக்கு எண்டு ஊரே சொல்லுது?”

“ஓம்… ஓம்.” ஸஹீதாவுக்குத் திடீரென்று வீட்டு ஞாபகம் வந்தது. “அடுப்பில சோறு. மறுகா வாறன்.”

“நில்லுங்க, நானும் வாறன்.”

முப்லிஹா கொதிநீரில் கிடந்த புதுக் கத்தியை எடுத்துத் துடைத்தாள்.

“போன வருசம், இந்த நோய் வாறதுக்கு முந்தி, நான் உம்றாவுக்குப் போன நேரம் மதிலால எட்டிக் கொப்பு முறிச்சீங்களே ராத்தா, அதெல்லாம் உங்கட கிணத்தடியில ஒரு மஞ்சள் வளையமும் இல்லாம நிக்கிறது எங்கட மாடியில இருந்து வடிவாத் தெரியுது. கொஞ்ச நேரம் அங்கால திரும்பி நில்லுங்க, நானும் களவாவே வெட்டிக்கொண்டு போறன். களவெடுத்து நட்ட கொப்புத்தானே நல்லாத் தழைக்கும் எண்டு சொல்லுவாங்க?”