வெள்ளத்தில் ஒரு பட்டாள லாரி

"இன்னுமாடா கிரீஸ் அடைக்கிறே? அங்கே காத்துக்கிட்டிருக்காங்க!" என்று அதட்டினார் பண்ணை மானேஜர்.

"பேரிங்ல தண்ணி எறங்கிருச்சுங்க. புதுசா அடைக்காமப் போனா நடு வெள்ளத்துல அச்சு இறுகிருங்க" என்றான் நாகராசு.

தரையிலும் தண்ணீரிலும் ஓடும் அந்தப் பழைய பட்டாள லாரியைப் பண்ணையார் ஏலத்தில் எடுத்திருந்தார். அக்கரையில், மூழ்கிய வீட்டின் கூரைமேல், நாகராசுவின் மனைவி செங்கமலம் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

வேலை முடிந்ததும் அவன் லாரியில் தாவி ஏறினான்.

"இறங்குடா, இடம் பத்தாது."

"கூரையிலேருந்து அவளை நான்தாங்க தூக்கி எறக்கணும்."

"எந்தக் கூரை? பண்ணையார் மருமகன் வாத்து சுடப் போறாரு."

துப்பாக்கிகளோடு நாலு பேர் ஏறினார்கள். செங்கமலம் கையை நீட்டிக் கூப்பிட்ட கூரையை ஒட்டியே, லாரி கொஞ்சமும் திணறாமல் கடந்து போனது.