மூன்றாம் மாடி, இடமிருந்து நாலாவது

கண்ணாடிக் கதவு பின்னால் மூடியதுதான் தாமதம், குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது.

அதைப் பார்த்துத்தான் அவளுக்கு முதலில் வயிறு எரிந்தது.

பத்து நாளாக மதியத்தில் கண் மூடாத பிள்ளை. கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பழுத்துச் சீழ் வைத்திருக்கிறது. நேற்றிலிருந்து காய்ச்சல் வேறு. அனல் படாமல் வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினாள் நர்ஸ். அந்தப் பிள்ளை இங்கே, இவர்களுடைய ஏசி குளிரில், அவள் தோளில் தலையைச் சாய்த்து அரை நிமிடத்தில் தூங்கிப்போனது.

அனலை அனுப்புகிறவன் இடத்தில்தான் குளிர்ச்சி.

அவள் வீடு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம். ஹவுசிங் போர்டு குடியிருப்பு, மூன்றாம் மாடி. ஒரே அறை, சின்னதாய் ஓர் அடுப்படி, ஒரே ஜன்னல். ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலை வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மதியத்துக்கு மேல் நிழல்தான். அந்த நிழலை நம்பித்தான் ஜன்னலோரம் தூளி கட்டினாள்.

பிறகு எதிரே இந்தக் கட்டடம் எழுந்தது.

முப்பது மாடி. தலை முதல் கால்வரை கண்ணாடி. சுவர் எது, ஜன்னல் எது என்று தெரியாது. முகப்பு நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். அழகாம். மேற்கே சாய்கிற சூரியனை அந்தக் குழிவு அப்படியே வாங்கி, குவித்து, அவள் ஜன்னலில் கொண்டுவந்து கொட்டுகிறது.

மதியம் மூன்றரை மணிக்கு அவள் வீட்டில் இரண்டாவது முறை விடிகிறது. ஐந்து மணிவரை.

ஜன்னலில் வைத்திருந்த பிளாஸ்டிக் மக் போன வாரம் வாய் கோணிக்கொண்டது.

முதல் முறை இங்கே புகார் சொல்ல வந்தபோது, மெயில் அனுப்பச் சொன்னார் செக்யூரிட்டி. இரண்டாம் முறை, ஸ்கிரீன் வாங்கிப் போடச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி ஸ்கிரீன் என்ன, அட்டையே வைத்து அடைத்துப் பார்த்தாள். இருந்த காற்றும் போயிற்று. பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு, கைக்குழந்தையோடு அடுப்படித் தரையில் கிடக்கிறாள்.

எவன் கண்ணாடிக்கு எவள் திரை போடுவது?

இன்று மானேஜரே இறங்கி வந்தார். பத்ரிநாத் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. குறை சொல்ல முடியாது, மரியாதையாகத்தான் பேசினார். அதுவே அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"மேடம், எந்த மாசம் எந்தப் பக்கம் வெயில் வரும்னு எல்லாம் கணக்குப் போட்டுத்தான் கட்டியிருக்காங்க. நீங்களே பாருங்க, உள்ளே துளி வெயில் கிடையாது. அதுக்கு அவார்டே வாங்கியிருக்கோம்."

சுவரில் அவார்டு இருந்தது. பச்சை இலை போட்ட கேடயம்.

அதற்குக் கீழே, மேஜை மேல், அந்தக் கட்டடமே இடுப்பு உயரத்துக்கு நின்றது. கட்டுவதற்கு முன்னால் செய்துவைத்த மாடல். அவள் கிட்டே போய்க் குனிந்தாள்.

வேலைப்பாட்டுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. வாசலில் கார், காருக்குக் கதவு. மரத்துக்குத் தனித்தனியாக இலை. நக அளவு மனிதர்கள். ஒருத்தி நாயைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நாய்க்கு வால்கூட இருந்தது.

மாடலில் சாலைக்கு அந்தப் பக்கம் வெறும் தெர்மோகோல் கட்டைகள்.

ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தெருமுனையில் திரும்புகிற இடத்தில் தன் குடியிருப்பைக் கண்டுபிடித்தாள். நீளம் சரியாக இருந்தது. உயரம் சரியாக இருந்தது. முனையில் வளைகிற வளைவுகூடச் சரி.

ஜன்னல் இல்லை.

தொண்ணூற்றாறு வீடு. ஒரு வீட்டுக்கும் ஜன்னல் இல்லை.

"அது சும்மா மேடம். அக்கம்பக்கம் இருக்குன்னு காட்டறதுக்கு. எல்லா மாடல்லயும் அப்படித்தான் வைப்பாங்க."

சும்மா.

அவளுக்குக் காது மடல் சுட்டது. சரிதான், ஜன்னலே இல்லாத கட்டைக்குள் வெயில் எப்படிப் போகும்? இவர்கள் கணக்கில் பிசகே இல்லை. நாய்க்கு வால் ஒட்ட நேரம் இருந்த மகராசனுக்கு, இந்தத் தெர்மோகோலில் பேனாவால் நாலு கோடு இழுக்க நேரம் இல்லை.

கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் பிள்ளை எழுந்துவிடும்.

குழந்தையின் கன்னத்தில் காலையில் வைத்த திருஷ்டிப் பொட்டு வேர்வையில் இளகியிருந்தது. அவள் கட்டைவிரலால் அந்த மையை ஒற்றி எடுத்தாள். குனிந்து, கீழேயிருந்து மாடியை எண்ணினாள். பிறகு இடமிருந்து எண்ணினாள். வெள்ளைக் கட்டையில் விரலை வைத்து அழுத்தினாள்.

பத்ரிநாத் பதறிப்போய்க் கைக்குட்டையை எடுத்தார். தேய்த்தார். மை போகவில்லை. தேய்க்கத் தேய்க்க அகலமானது.

அவள் போய் சோபாவில் உட்கார்ந்தாள். வேர்க்குரு அழுந்தாமல் பிள்ளையை மடியில் குப்புறக் கிடத்தினாள். மணி மூன்று இருபத்தைந்து. ஐந்து அடிக்கிறவரை அவள் எழுந்திருப்பதாக இல்லை.

மானேஜர் இன்னும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க சார், அது என் ஜன்னல்," என்றாள். "பக்கத்துல இருக்கறது கஸ்தூரியோடது. நாளைக்கு அவ புள்ளயத் தூக்கினு வந்து அவளே வச்சுப்பா."