பதினொரு மணி டெட்லைன்

"இன்னொரு தடவை டெலிவரி லேட்டாச்சுன்னா அடுத்த நாள்லேருந்து வேலைக்கு வராதே" என்று போன வாரமே முதலாளி சொல்லிவிட்டார். அச்சகத்தில் பைண்டிங் வேலை எனக்கு.

இன்றைக்கென்று பார்த்து, அறுபது புத்தகங்களில் நடுத்தாளைத் தலைகீழாக வைத்து ஸ்டேப்ளர் பின் அடித்துத் தொலைத்திருந்தேன். பதினொரு மணிக்குக் கொடுக்க வேண்டிய புத்தகம். நான் கவனித்தது பத்து ஐம்பதுக்கு. பின்னைப் பிடுங்கி, தாளைத் திருப்பி, மறுபடி அடிக்க வேண்டும்.

போதாக்குறைக்கு வக்கீலம்மாவும் வந்துவிட்டார். புத்தகம் அவருடையது. அவர் குரலை உயர்த்தினால் ஜட்ஜே தண்ணீர் குடிப்பாராம்.

ப்ரூஃப் பார்க்கிற டிக்ஷனரியிடம் ஓடினேன். எந்த இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னாலும் அதன் பிறப்பு, வளர்ப்பு, ஜாதகம் எல்லாம் ஒப்பிப்பார். அதனால் அந்தப் பெயர்.

"அண்ணே, அறுபது புத்தகம் தலைகீழ். கொஞ்சம் கை கொடுங்க."

மனுஷன் எழுந்து, ஆபீஸ் அறைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய், முதலாளிக்குப் பக்கத்தில், வக்கீலம்மாவுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"பதினொண்ணுதான் டெட்லைன்னு சொல்லியிருந்தேன்" என்றார் வக்கீலம்மா.

"டெட்லைன்னு ஏன் சொல்றோம் தெரியுமா மேடம்?"

டிக்ஷனரி ஆரம்பித்துவிட்டார். வீடு பற்றி எரியும்போது பீடிக்கு நெருப்புக் கேட்கிற ஆள். நான் பின்னைப் பிடுங்கினேன், பல்லைக் கடித்தேன்.

"அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் நடந்தப்ப, கைதிகளைச் சுத்தி ஒரு கோடு வெச்சிருந்தாங்க. தாண்டினா சுட்டுடுவாங்க. அதுதான் டெட்லைன்."

எங்கள் முதலாளி இன்றைக்கும் அதே அர்த்தத்தில்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அப்புறம் அச்சு மெஷின்ல ஒரு கோட்டுக்கு அந்தப் பேரு. தாண்டின எழுத்து சரியா பதியாது. அதுக்கும் அப்புறம்தான் பத்திரிகைக்காரங்க கெடு நேரத்துக்கு அந்தப் பேரைச் சொன்னாங்க."

நடுவில் முதலாளி போன் பேச எழுந்து போனார். திரும்பி வந்தபோது பேச்சு அலாரத்துக்குத் தாவியிருந்தது. அதற்கப்புறம் சாலரி. சாலரிக்குள்ளிருந்து, அதன் லத்தீன் வேரான உப்பு கிளம்பியது.

முதலாளி நெளிந்தார். "மேடம், மணி பதினொண்ணு பத்து. புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லட்டா?"

"இருங்க சார். சுவாரஸ்யமா போகுது, நடுவுல பேசாதீங்க."

பதினொன்று இருபத்தைந்துக்கு அறுபதாவதையும் முடித்துக் கட்டாகக் கொண்டுபோய் வைத்தேன். வக்கீலம்மா ஒன்றைப் புரட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதலாளி டிக்ஷனரியைப் பிடித்துக்கொண்டார். "உன் தொணதொணப்பால அவங்களுக்கு அரைமணி நேரம் வீண்." என் பக்கம் திரும்பவே இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலாளி நகர்ந்ததும் டிக்ஷனரியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்காகத்தானே அண்ணே அவ்வளவு நேரம் பேசினீங்க? நான் உங்களை மனசுக்குள்ள திட்டித் தீர்த்துட்டேன்."

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "எங்கடா அவ்வளவு நேரம்? டெட்லைனோட என் சரக்கு தீர்ந்துபோச்சு. இனி உன்னைக் காப்பாத்த முடியாதுன்னு எழுந்துட்டேன்."

"அப்புறம் எப்படி?"

"முதலாளி போனுக்குப் போனதும் வக்கீலம்மாதான் என்னை மறுபடி உட்கார வெச்சாங்க. 'உள்ளே பின் பிடுங்கற சத்தம் இன்னும் நிக்கலை சார், வேற ஏதாவது வார்த்தை சொல்லுங்க'ன்னாங்க."