ரோஸ் நிழல்

"டாக்டர் சார், அந்தச் சுவருக்கு மறுபடியும் பழைய ரோஸ் கலரையே அடிச்சிடுங்களேன்."

எதிர்வீட்டுப் பல் டாக்டர் வாயைப் பிளந்தார். மற்றவர்கள் பிளப்பதைப் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம்.

"நீங்களா பேசறது? அந்தக் கலரைப் பாத்தாலே குமட்டுதுன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டுத் திரிஞ்சது யாரு? உங்க தொல்லை தாங்காமத்தானே போன மாசம் வெள்ளை அடிச்சேன்."

ஓவியர் தலையைச் சொறிந்தார். பத்திரிகைகள் 'கண்ணின் கலைஞர்' என்று தலைப்புப் போட்டு எழுதுகிற மனிதர், ஒரு பல் டாக்டர் வீட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்படி ஆகிவிட்டது.

அவர் வரைவதெல்லாம் மேஜைமேல் இருக்கிற சாமான்களைத்தான். ஒரு வெள்ளைக் குவளை, பக்கத்தில் ரெண்டு ஆப்பிள், ஒரு கத்தி. இருக்கிறதை இருக்கிறபடி, மயிரிழை கூட்டாமல் குறைக்காமல் வரைவார். போட்டோவைப் பார்த்து வரைகிறவர்களை ஓவியர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். ஒரு குவளையை முடிக்க மாசக்கணக்கில் ஆகும். அதற்குள் ஆப்பிள் சுருங்கிப்போனால் ஆப்பிள்மேல் கோபித்துக்கொள்வார்.

இப்படி வருஷக்கணக்காக வரைந்தும் ஒரு ஈ காக்காய் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் ஒரு நாள், குவளையின் நிழலில் லேசாக ஒரு ரோஸ் தெரிய ஆரம்பித்தது. தெரிந்ததால் வரைந்தார். விமர்சகர்கள் கிறங்கிப் போனார்கள். அந்த ரோஸில் ஒரு வீட்டின் கதகதப்பு இருக்கிறது என்றார் ஒருவர். இல்லை, மனிதகுலத்தின் தீராத ஏக்கம் இருக்கிறது என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை, அது எதிர்வீட்டுச் சுவரின் உபயம் என்பது ஓவியருக்கு மட்டும் தெரியும். சனியன் பிடித்த சுவர் என்று திட்டிக்கொண்டே வரைந்தார், புகழும் வந்துகொண்டே இருந்தது.

இப்போது சுவர் வெள்ளை, நிழல் சாம்பல். அவர் படங்களை விற்றுக்கொடுக்கிற கேலரி அம்மாள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். வெளிநாட்டுக் கண்காட்சிக்கு ரோஸ் நிழல்தான் வேண்டுமாம், சாம்பல் நிழல் வரைய ஊரில் ஆளா இல்லையாம். இதை விட்டால் இந்த வயதில் இன்னொரு வாய்ப்பு வரப்போவதில்லை.

"ட்யூப்லதான் ரோஸ் இருக்கே, கொஞ்சம் பிதுக்கித் தடவிட வேண்டியதுதானே?" என்று அவர் மனைவி கேட்டாள். நல்ல வெளிச்சம் வருகிற அறை வீட்டில் அது ஒன்றுதான் என்பதால் அவளுடைய தையல் மிஷினும் அங்கேயே கிடந்தது. அந்த மிஷினில்தான் குடும்பம் ஓடுகிறது என்பது பத்திரிகைப் பேட்டி எதிலும் வராத தகவல்.

கேட்டதற்குப் பெரிய பிரசங்கமே கிடைத்தது. கண்ணில் படாததை வரைவது பொய்சாட்சி சொல்வது மாதிரி என்றார். கலைஞனுக்குக் கண்தான் மூலதனம் என்றார்.

"என் கண்ணுக்குத் தப்பி இந்த அறையில ஒரு தூசி பறக்க முடியாது, தெரிஞ்சுக்கோ."

"ஆமாமா, உங்க கண்ணாச்சே" என்று சொல்லிவிட்டு அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அதனால்தான் இந்த டாக்டர் வீட்டுப் படலம். டாக்டர் கடைசியில் மனமிரங்கினார். பெயின்ட் உங்களுடையது, ஏணியில் ஏறுவதும் நீங்கள்தான் என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். ஓவியர் பெயின்ட் கடைக்குப் போய், கலக்கிக் கொடுத்ததையெல்லாம் வெயிலில் காட்டிப் பார்த்து, இது இல்லை, இன்னும் கொஞ்சம் வெட்கப்படுகிற ரோஸ் வேண்டும் என்று உயிரை வாங்கினார். கடைக்காரர் அழாத குறை.

பிறகு கண்ணின் கலைஞர் ஏணியில் ஏறிச் சுவரடித்தார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அவர் மனைவியும் சன்னலில் நின்று, "மேல ஓரத்துல கொஞ்சம் விட்டுப்போச்சு பாருங்க" என்று தன் பங்குக்கு உதவினாள்.

மறுநாள் காலை குவளைக்கு முன்னால் பயபக்தியோடு உட்கார்ந்தார். சன்னலுக்கு வெளியே சுவர் ரோஸாகத் தகதகவென்றிருந்தது. குவளையின் நிழல் மட்டும் சாம்பலாகவே கிடந்தது. திரையை முழுக்க விலக்கினார். குவளையை நகர்த்தினார், திருப்பினார், துடைத்து வைத்தார். அது மசியவில்லை. சுத்தமாக இருந்த பிரஷையே திரும்பத் திரும்பத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கடி போச்சு அந்த ரோஸ்? என் பொழப்பே போச்சே" என்று புலம்பினார்.

மிஷின் சத்தம் நின்றது.

"சன்னல் இருக்கிறது குவளைக்கு இடப்பக்கம். ரோஸ் விழுந்தது வலப்பக்கம். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு ஒரு தடவை திரும்பித்தான் பாருங்களேன்."

திரும்பினார். வலப்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில், நீல நைட்டியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"தினம் வேலைக்குன்னு ஒரு சிவப்பு நைட்டி போட்டுக்குவேன், போன மாசம் கிழிஞ்சுபோச்சு" என்றாள் அவள். "ரோஸ் எங்கேருந்து வருதுன்னு முதல் படத்துலயே எனக்குத் தெரியும்ங்க. என்னைக்காவது நீங்களே பாப்பீங்கன்னு இத்தனை வருஷம் வாயைத் திறக்காம இருந்தேன். இப்ப பிரஷ் துடைச்சுட்டு இருக்கீங்களே, அந்தத் துணிதான் அது."